கால் மெலிந்த வீடுகள்

பூமியதிர்ச்சியில் மக்கள் மாண்ட செய்தி வருந்தோறும் 'இயற்கையின் சீற்றம்' என்ற சொற்றொடர் பத்திரிகைகளிலே தவறாது இடம்பெறுகின்றது. எவரையும் குற்றஞ்சாட்டாத சொற்றொடராதலின் அது பலருக்கு ஆறுதல் தருகின்றது. பூமி நடுங்கிற்று, வீடு விழுந்தது, மனிதர் இறந்தனர் என்று கதை மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றது. ஆயினும் பூமியின் நடுக்கத்துக்கும் வீட்டின் வீழ்ச்சிக்கும் இடையே நீண்டதொரு மனித வரலாறு கிடக்கின்றது. அவ்வீட்டைக் கட்டியவர் யாவர், எதனை மிச்சம் பிடித்துக் கட்டினர், எச்சட்டம் அதற்கு இடங்கொடுத்தது, அதனுள் வாடகை கொடுத்து உறங்கியோர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை தரவேண்டிய வரலாறு அது. ஒரே தெருவில், ஒரே நடுக்கத்தில், ஒரு வீடு நிற்க அதன் அயல்வீடு விழுகின்றதெனின், அதற்குரிய காரணத்தை இயற்கையிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை.

அவ்வரலாற்றின் ஒரு கூறினை இங்கு எடுத்து நோக்குவோம். உலகின் நகரங்கள் பலவற்றிலே காணப்படும் ஒரு வகைத் தொடர்மாடி வீடு உண்டு. மேலே மூன்று, நான்கு, சிலபோது பத்துத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் குடும்பங்கள். கீழ்த்தட்டிலோ மோட்டார்க் கார்கள் நிற்கின்றன, அல்லது கண்ணாடி முகப்புடைய கடைகள் இருக்கின்றன. காரும் வாடிக்கையாளரும் தடையின்றி உள்ளே வரவேண்டும். ஆதலின் அங்கே சுவர்கள் இல்லை, தூண்கள் மட்டுமே உள. மேலே வாழும் மக்கள் அனைவரையும் சுமக்கவேண்டிய தட்டு எதுவோ, அதுவே யாவற்றிலும் மெலிந்த தட்டாக அமைந்துவிடுகின்றது. கடந்த முக்கால் நூற்றாண்டுக் காலத்திற் பூமியதிர்ச்சியால் நகரங்களில் நேர்ந்த மரணங்களில் கணிசமான பங்கு இத்தகைய வீடுகளிலேயே நேர்ந்தது.

இதன் பொறிமுறையை விளங்கிக்கொள்ள உயர் கணிதம் வேண்டியதில்லை. பூமி அசையும்போது அத்திவாரம் நிலத்தோடு சேர்ந்து நகர்கின்றது. மேலுள்ள பாரமோ இருந்த இடத்திலேயே இருக்க முனைகின்றது. திடீரெனப் புறப்படும் பஸ் வண்டியில் நிற்பவர் பின்புறமாகச் சாய்வது போன்றதே இது. கட்டடம் அடிமுதல் முடிவரை ஒரே சீரான வலிமை உடையதாயின் அவ்வசைவை எல்லாத் தட்டுகளும் பங்கிட்டுக்கொள்ளும். காற்றில் அடிமுதல் நுனிவரை வளைந்து நிமிரும் கமுகினைப் போல அது நின்றுவிடக்கூடும். ஆனால் மேல்தட்டுகள் அறைச் சுவர்களால் இறுகிய ஒரு பெட்டியாகவும், கீழ்த்தட்டு சில தூண்களாகவும் இருக்கும்பொழுது, அசைவு முழுவதும் அத்தூண்களிலே குவிகின்றது. தூணின் தலை ஒரு புறம் நகர, அதன் மேலுள்ள பாரம் அதனை மேலும் அப்புறமே தள்ளுகின்றது. தலையிற் பெருமூட்டை சுமந்து செல்பவனின் முழங்கால் ஒருமுறை மடிந்துவிட்டால், அவன் சுமந்த மூட்டையே அவனை வீழ்த்திவிடும். வீட்டுக்கும் நேர்வது அதுவே. மேல்தட்டுகள் பெரும் சிதைவின்றி அப்படியே கீழிறங்கி அமர, கீழ்த்தட்டு மறைந்துவிடுகின்றது.

பொறியியலாளர் இதனை 'மென்தட்டு' என்பர். தனக்கு மேலுள்ள தட்டின் விறைப்பில் 70 வீதத்திலும் குறைந்த விறைப்புடைய தட்டு மென்தட்டாகும் என அமெரிக்க விதிகள் வரையறுக்கின்றன. நம் கோயில்களிற் சீலை கட்டிய தேர்களைக் கவனித்தோர் இதற்கு நேர்மாறான அமைப்பினைக் கண்டிருப்பர். கனத்த மரவேலையெல்லாம் அடியிலே இருக்கும். மேலே செல்லச் செல்ல மூங்கிலும் கயிறும் சீலையுமே. அசையப்போகும் பொருளுக்கு வலிமை கீழே இருத்தல் வேண்டும் என்பது தச்சர் தலைமுறை தலைமுறையாக அறிந்த உண்மை. அவ்வாறிருக்க, இருபதாம் நூற்றாண்டின் நகரங்கள் அவ்வுண்மையைத் தலைகீழாக்கியது எவ்வாறு?

கீழ்த்தட்டினைத் திறந்து விடுதல் வேண்டும் என்ற எண்ணம் முதன்முதலிற் பேராசையினால் எழுந்ததன்று என்பதை நேர்மையுடன் கூறவேண்டும். சுவிற்சலாந்திற் பிறந்து பிரான்சிற் பணியாற்றிய லெ கொர்பூசியே என்னும் கட்டடக் கலைஞர், 1926-27 ஆண்டுகளில், பியர் ஜன்னரே என்பாருடன் சேர்ந்து புதிய கட்டடக் கலைக்கு ஐந்து கோட்பாடுகளை வகுத்தார். வீட்டினைத் தூண்களின் மேல் உயர்த்துதல் அவற்றுள் ஒன்று. கொங்கிறீற்றும் உருக்கும் வந்துவிட்டமையாற் சுவர் இனிப் பாரம் சுமக்க வேண்டியதில்லை. வீட்டின் கீழுள்ள நிலம் விடுதலை பெறும். காற்றும் ஒளியும் தோட்டமும் அங்கே வரும் என்பது அவர் கனவு. இருள் சூழ்ந்த நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் வாடிய காலத்தில் அக்கனவுக்கு ஒரு மானிட நியாயம் இருந்தது. 1952-இல் மார்செய் நகரில் நிறைவெய்திய அவரது பெருந்தொடர்மாடி இன்றும் பருத்த தூண்களின் மேலேயே நிற்கின்றது. ஆனால் அக்கோட்பாடு நிலச்சந்தையினுட் புகுந்தபோது வேறு உருவம் பெற்றது. தோட்டத்துக்கென ஒழித்த இடத்திலே கார் வந்து நின்றது. தூண்களும் பருமன் குறைந்து, எண்ணிக்கையிலும் குறைந்தன.

விஞ்ஞானிகளிடத்தும் ஒரு மயக்கம் இருந்தது. 1929-இல் மார்ட்டெல், 1935-இல் கிறீன், 1938-இல் ஜேகப்சன் ஆகிய அமெரிக்கப் பொறியியலறிஞர், கீழ்த்தட்டு நெகிழ்வுடையதாக இருப்பின் அதுவே அதிர்ச்சியை உறிஞ்சி மேல்தட்டுகளைக் காக்கும் என்ற கருத்தினை ஆராய்ந்தனர். டாக்காவிற் பிறந்து சிக்காக்கோவின் வானளாவிகளாற் புகழ்பெற்ற பஸ்லுர் ரகுமான் கானும், மார்க் பின்ரெல் என்பாரும் 1969-இல் அக்கருத்தினைப் புதுக்கி எழுதினர். ஏட்டிலே அது பிழையான கருத்தன்று. பிற்காலத்திற் கட்டடங்களை இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமைக்கும் முறை அதே எண்ணத்தின் வழியிலேயே வளர்ந்தது. ஆனால் வெறுந் தூண் எவ்வளவு தூரம் வளையலாம் என்பதற்கு எல்லை உண்டு. அவ்வெல்லையை 1971 பெப்ரவரி 9-ஆம் நாள் வைகறையிலே கலிபோர்ணியாவின் சான் பெர்னாண்டோ அதிர்ச்சி காட்டிற்று. அண்மையிலே திறக்கப்பட்ட ஒலிவ் வியூ மருத்துவமனையின் பிரதான கட்டடத்தில் மேல்தட்டுகள் பெருமளவுக்குச் சிதையாமல் நிற்க, கீழே தூண்கள் ஓரடிக்கு மேல் சாய்ந்து அவ்வாறே நின்றுவிட்டன. அக்கட்டடம் பின்னர் இடித்தகற்றப்பட்டது. அன்றுமுதல் மெலிந்த கீழ்த்தட்டின் ஆபத்துப் பற்றிப் பொறியியலாளருக்கு ஐயம் இருந்திருக்க நியாயமில்லை. இந்த 1971 என்னும் ஆண்டினை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

இனி, அறிவு கிடைத்த அந்நாட்டிலேயே அவ்வறிவு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் வடகரையில் மரீனா என்றொரு பகுதி உண்டு. 1906 ஏப்பிரல் 18-ஆம் நாள் பூமியதிர்ச்சியாலும் அதனைத் தொடர்ந்த பெருந்தீயாலும் அழிந்த நகரம், தன் மறுவாழ்வினை உலகுக்குக் காட்ட 1915-இற் பெரும் பொருட்காட்சி ஒன்றினை நடத்திற்று. அதற்கென 1912 முதற் கரையோர நீர்ப்பரப்பு மணலும் சேறும் கொட்டி நிரப்பப்பட்டது. பொருட்காட்சி முடிந்து அதன் மாளிகைகள் அகற்றப்பட்டபின், 1920களிலும் 1930களிலும் அந்த நிரப்பிய நிலத்திலேயே வீட்டு மனைகள் எழுந்தன. மரச்சட்டத்தால் அமைந்த மூன்று, நான்கு தட்டு வீடுகள். கீழே வரிசையாகக் கார்க் கொட்டகைகளின் அகன்ற கதவுகள். 1989 ஒக்டோபர் 17-ஆம் நாள் மாலை 5.04 மணிக்கு 6.9 அளவான லோமா பிரியெற்றா அதிர்ச்சி நேர்ந்தது. அதன் மையம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவில் இருந்தும் மரீனாவில் வீடுகள் மடிந்து விழுந்தன. தெருமுனை வீடுகளுக்கே பெருஞ்சேதம் நேர்ந்தது. இரு தெருக்களையும் நோக்கி இரு பக்கங்களிலும் கதவு திறந்தமையால் அவற்றுக்குச் சுவர் மிகக் குறைவு. வரிசையின் நடுவில் நின்ற வீடுகளோ ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்தமையாற் தீயை அணைக்கத் தண்ணீர் இல்லை. தீயணைப்புக் கப்பலொன்று விரிகுடா நீரை இறைத்தே அப்பகுதியைக் காத்தது. 1906-இன் நகரம் தன் மறுவாழ்வினைக் கொண்டாட நிரப்பிய நிலம் 1989-இல் இவ்வாறு கணக்குக் கேட்டது.

தெற்கே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கதை இன்னும் தெளிவானது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் அந்நகருக்கு மக்கள் பெருந்தொகையாக வந்து குடியேறினர். ஒரு தனிவீடு நின்ற சிறு மனையிலே பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வாடகை வீடு கட்டினால் வருமானம் பெருகும். ஆனால் வீடுகளுக்கேற்பக் கார்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்பது நகர விதி. மனையின் பரப்போ பெருகாது. எனவே வீட்டை மெலிந்த கம்பங்களின் மேலே தூக்கிவிட்டுக் கார்களைக் கீழே நிறுத்தினர். 1950களிலும் 1960களிலும் ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்ட இப்பெட்டி வீடுகளை அந்நகரத்தார் 'டிங்பற்' என்ற பரிகாசப் பெயரால் அழைத்தனர். முகப்பிலே கவர்ச்சியான பெயரும் அலங்கார விளக்கும், கீழே வெற்றிடம். நிலச்சொந்தக்காரனின் வாடகைக் கணக்கும் மோட்டார்க் காரின் நீள அகலமும் சேர்ந்து தீர்மானித்த கட்டடக் கலை அது.

1994 ஜனவரி 17-ஆம் நாள் அதிகாலை 4.31 மணிக்கு 6.7 அளவான நோர்த்ரிட்ஜ் அதிர்ச்சி அந்நகரை உலுக்கிற்று. நோர்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மூன்று தட்டுத் தொடர்மாடியில் மட்டும் 16 பேர் மாண்டனர். மாண்டோர் அனைவரும் கீழ்த்தட்டிற் குடியிருந்தோர். மீட்கவந்தோருக்கு அக்கட்டடம் முதலில் இரண்டு தட்டு வீடாகவே தோன்றியதெனச் செய்திகள் கூறின. ஒரு தட்டு முழுவதும் மனிதரோடு மறைந்துவிட்டதை, தப்பியோர் சொல்லவேண்டியிருந்தது. 1971-இல் ஒலிவ் வியூவில் அறிந்த பாடத்துக்கு அப்போது வயது 23.

அவ்விடைக்காலத்திற் சட்டம் உறங்கிற்று என்று கூறல் பொருந்தாது. 1980களின் இறுதியில் அமெரிக்கக் கட்டட விதிகள் மென்தட்டினை வரையறுத்து அதற்குக் கட்டுப்பாடும் விதித்தன. ஆனால் அவ்விதிகள் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கே உரியன. மக்கள் ஏற்கெனவே குடியிருந்த பழைய வீடுகளை அவை தீண்டவில்லை. பழைய வீட்டினைத் திருத்தும் வழி அரிதானதும் அன்று. கார் நுழையும் வாயிலிலே உருக்குச் சட்டகம் ஒன்றை நிறுத்துதல், எஞ்சிய சுவர்களில் ஒட்டுப்பலகை அறைந்து இறுக்குதல், அச்சுவர்களை அத்திவாரத்தோடு பிணைத்தல் ஆகியனவே அவ்வேலையின் சாரம். கீழ்த்தட்டிலேயே வேலை முடிவதால் மேலே உள்ளோர் பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியேறவும் வேண்டியதில்லை. செலவினை யார் ஏற்பது என்பதே தீராத வழக்காக இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவிலே பல்லாண்டு ஆய்வின் பின் இவ்வினா மக்கள் முன் வந்தது. குறைந்த வருவாய் உடையோர் வாழும் இத்தகைய வீடுகளைத் திருத்த உதவும் பொருட்டு நகரம் கடன் திரட்டலாமா என்று 2010-இல் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரிற் பெரும்பான்மையினர் ஆம் என்றனர். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்னும் விதியினால் அது தோற்றது. இறுதியில் 2013 ஏப்பிரல் 18-ஆம் நாள், 1906 அழிவின் நினைவு நாளிலே, கட்டாயத் திருத்தச் சட்டம் கையொப்பமாயிற்று. 1978-க்கு முற்பட்டவையும், மூன்று அல்லது மேற்பட்ட தட்டுகளும் ஐந்து அல்லது மேற்பட்ட குடியிருப்புகளும் உடையவையுமான மரச்சட்ட வீடுகளை அது கட்டுப்படுத்திற்று. அவற்றின் தொகை ஏறத்தாழ 5,000. மரீனா விழுந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015-இல் ஏறத்தாழ 13,500 வீடுகளுக்கு இதுபோன்ற சட்டம் இயற்றியபோது நோர்த்ரிட்ஜ் விழுந்து 21 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இச்சட்டங்களின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சான் பிரான்சிஸ்கோவிற் சட்டத்துக்குட்பட்ட வீடுகளிற் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டவை திருத்தப்பட்டுவிட்டன. பல்லாயிரம் மக்கள் முன்னிலும் பாதுகாப்பாக உறங்குகின்றனர். ஆயினும் செலவினைப் பங்கிட்ட முறையைக் கவனித்தல் வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸில் வீட்டுக்காரர் செலவிற் பாதியை வாடகைக் குடியிருப்பாளர் மேற் சுமத்தலாம். மாதத்துக்கு 38 டொலர் என்பது அதன் உச்ச எல்லை. சான் பிரான்சிஸ்கோவிலோ செலவு முழுவதையுமே இருபது ஆண்டுகளிற் பரப்பி வாடகையோடு சேர்த்து அறவிடலாம். வறுமையை எண்பித்து விண்ணப்பிப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. வீடு திருந்தியபின் அதன் மதிப்பு உயர்வது வீட்டுக்காரருக்கு. அத்திருத்தத்தின் கடன் வாடகை கொடுப்போனுக்கு. தன் வீட்டின் தூணை மெலிவித்தவன் தானல்லாதிருந்தும், அதனை வலுப்படுத்தும் செலவினைத் தொழிலாளி மாதந்தோறும் கட்டுகின்றான்.

இங்கே இன்னுமோர் உண்மை மறைந்து கிடக்கின்றது. அவ்விரு நகரங்களிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பொதுவாக 1970களின் இறுதிக்கு முன்னர் கட்டிய வீடுகளுக்கே பொருந்துவன. மென்தட்டு வீடுகளும் பெரும்பாலும் அக்காலத்துக்கு முற்பட்டவையே. அஃதாவது, சாதாரண ஆசிரியரும் தாதியரும் உணவுச்சாலைத் தொழிலாளரும் கட்டுப்படியான வாடகைக்குக் குடியிருக்கக்கூடிய வீடு எதுவோ, அதுவே கால் மெலிந்த வீடாகவும் இருக்கின்றது. அவ்வீடு விழுந்தால் அதன் இடத்தில் எழும் புதிய வீட்டுக்கு வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக இல்லை. எனவே பூமியதிர்ச்சி அங்கே உயிரைப் பறிப்பதோடு நில்லாது, உயிர் தப்பியோரை நகரை விட்டே துரத்தும் கருவியாகவும் ஆகின்றது. 'பாதுகாப்பான வீடு வேண்டுமா, கொடுக்கக்கூடிய வாடகை வேண்டுமா' என்று ஒரு சமுதாயம் தன் உழைப்பாளரைக் கேட்குமாயின், அக்கேள்வியிலேயே அச்சமுதாயத்தின் நோய் தெரிகின்றது.

கலிபோர்ணியாவில் விழுந்தவை மரவீடுகள். கொங்கிறீற்று வீடுகள் விழும்போது அழிவு பன்மடங்காகின்றது. 2001 ஜனவரி 26-ஆம் நாள், இந்தியாவின் குடியரசு தினத்தன்று காலையில், குஜராத்தின் கச்சுப் பகுதியை ஏறத்தாழ 7.7 அளவான அதிர்ச்சி தாக்கிற்று. அரசாங்கக் கணக்கின்படி 13,800 பேர் வரை மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் கச்சின் ஊர்களிலே கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய வீடுகளின் கீழ் மாண்ட மக்கள். ஆனால் மையத்துக்கு 200 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத் நகரிலும் பல தொடர்மாடிகள் இடிந்து ஏறத்தாழ 750 பேர் உயிரிழந்தனர். அங்கு இடிந்த கட்டடங்களிற் பல கீழே கார் நிறுத்துவதற்காகத் தூண்களின் மேல் நின்றவை. மனையிற் கட்டலாம் என்று அனுமதித்த மொத்தப் பரப்பிலே கார் நிறுத்தும் தட்டு சேர்த்துக் கணக்கிடப்படவில்லை. ஆதலின் கட்டுவோனுக்கு அது இலவசமாகக் கிடைத்த தட்டு. மேல்தட்டுகளைத் தூண் வரிசைக்கு வெளியே நீட்டிக் கட்டிப் பரப்பினை மேலும் பெருக்கினர். அவ்வீடுகளை வாங்கியோர் ஏழைகளல்லர். ஆயுட்காலச் சேமிப்பினைக் கொடுத்த நடுத்தர வகுப்பினர். அதே நகரின் பழைய பகுதியில், சுவர்களினூடே மரச்சட்டங்கள் பதித்துக் கட்டிய முன்னோர் வீடுகளிற் பல நிலைத்து நின்றன. மறு ஆண்டு, 2002-இல், வந்த இந்திய விதித்தொகுப்பு மென்தட்டின் தூண்களும் வளைகளும் கணித்த விசையினைப்போல் இரண்டரை மடங்குக்குத் தாங்கும்படி அமையவேண்டும் என விதித்தது. விதி மரணத்தின் பின்னரே வந்தது.

கீழ்த்தட்டினைக் கார் மெலிவித்த கதை இது. கடை மெலிவித்த கதையைத் துருக்கியிற் காண்கின்றோம். 1965-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட தட்டுடைமைச் சட்டம் ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே உரிமையாக்கி விற்க வழிசெய்தது. கிராமங்களிலிருந்து தொழிற்சாலை நகரங்களுக்கு மக்கள் திரள்திரளாக வந்துகொண்டிருந்த காலம் அது. வந்தோர்க்கு வீடு கட்டும் பொறுப்பினை அரசு போதிய அளவு ஏற்கவில்லை. அவ்விடத்தைக் 'கட்டி விற்போர்' என வழங்கப்பட்ட சிறு ஒப்பந்தகாரர் நிரப்பினர். நிலச்சொந்தக்காரன் நிலத்தைக் கொடுப்பான். ஒப்பந்தகாரன் ஐந்தாறு தட்டுகள் கட்டி அவனுக்குச் சில வீடுகளைக் கொடுத்து எஞ்சியவற்றை விற்பான். முதலில்லாமலே இலாபம் தரும் ஏற்பாடு. அதிலே பெறுமதி மிக்கது தெருவோரக் கீழ்த்தட்டு, அது கடையாகவேண்டும். கடைக்கு உயர்ந்த கூரையும் அகன்ற கண்ணாடியும் வேண்டும். எனவே கீழ்த்தட்டின் தூண்கள் நீண்டன, அவற்றிடையே சுவர்கள் நீங்கின. முதற்றட்டு முதலாக மேலே உள்ள வீடுகள் தெருவின் மேல் நீட்டிக் கட்டப்பட்டன.

1999 ஓகஸ்ற் 17-ஆம் நாள் அதிகாலை 3.02 மணிக்கு இஸ்மித் விரிகுடாவை ஏறத்தாழ 7.5 அளவான அதிர்ச்சி தாக்கிற்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் ஆலைகளும் நிறைந்த, துருக்கியின் கைத்தொழில் நெஞ்சம் போன்ற பகுதி அது. அரசாங்கக் கணக்கின்படி 17,000 பேருக்கு மேல் மாண்டனர். கொல்ஜுக்கிலும் அதாபசாரியிலும் யலோவாவிலும் தட்டின் மேல் தட்டாக அடுக்கிய அப்பங்களைப்போற் கட்டடங்கள் கிடந்தன. மெலிந்த கீழ்த்தட்டோடு பிற குறைகளும் சேர்ந்திருந்தன. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி இறுக்கும் வளையங்கள் ஐதாகவும் முனை சரியாக மடிக்கப்படாமலும் இருந்தன. கொங்கிறீற்று வலிமை குன்றியிருந்தது. கடற்சிப்பி கலந்த மணல் கூடச் சில இடிபாடுகளிற் காணப்பட்டது. வளையங்களை எவ்வாறு அமைக்கவேண்டும் என்பதை 1975-ஆம் ஆண்டுத் துருக்கிய விதித்தொகுப்பே கூறியிருந்தது. ஏட்டிலிருந்த அவ்விதி தூணுக்குள் சென்று சேரவில்லை.

அழிவின் பின் சீர்திருத்தம் வந்தது. 2001-இல் வந்த சட்டம் கட்டடங்களை மேற்பார்வை செய்யும் பணியினைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அந்நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்போர் யாவர்? நடைமுறையிற் பெரும்பாலும் கட்டுவோரே. பரீட்சை எழுதும் மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவோருக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்தும் ஏற்பாட்டினை எந்த ஆசிரியர் ஏற்பார்? இவ்வழக்கம் 2019 வரை நீடித்தது. 2018-இல், தேர்தலை அண்மித்த நாட்களில், விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு அங்கீகாரம் வழங்கும் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 70 இலட்சம் பத்திரங்கள் வழங்கப்பட்டன. கட்டடம் பூமியதிர்ச்சியைத் தாங்குமா என்பது உரிமையாளரின் பொறுப்பு என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. துருக்கியப் பொறியியலாளர், கட்டடக் கலைஞர் சங்கங்களின் ஒன்றியம் இதனை எதிர்த்து எச்சரித்தது; அக்குரல் ஏற்கப்படவில்லை. அரசு கட்டணத்தைத் தான் எடுத்துக்கொண்டு ஆபத்தினைக் குடியிருப்போனிடம் கொடுத்தது.

2023 பெப்ரவரி 6-ஆம் நாள் அதிகாலை 4.17 மணிக்கு 7.8 அளவான அதிர்ச்சியும், அதே நாட் பிற்பகலில் 7.5 அளவான மற்றோர் அதிர்ச்சியும் நாட்டின் தென்கிழக்கைத் தாக்கின. துருக்கியில் மாத்திரம் 53,000 பேருக்கு மேல் மாண்டனர். எல்லைக்கு அப்பால் சிரியாவிலும் பல்லாயிரவர் மாண்டனர். அந்நாட் பூமியின் நடுக்கம் பல இடங்களில் மிகக் கொடியது. செவ்வையாகக் கட்டிய வீடுகளுக்கும் அது கடும் சோதனையே. ஆயினும் கடைகள் கொண்ட மெலிந்த கீழ்த்தட்டு இங்கும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. கடையினை விசாலமாக்கத் தூண்களே வெட்டப்பட்டன என்னும் குற்றச்சாட்டுகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. ஒப்பந்தகாரர் பலர் கைதாயினர். அனுமதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டோரையும், மன்னிப்புச் சட்டத்துக்குக் கையுயர்த்தியோரையும் அதே வேகத்தில் எவரும் தேடவில்லை.

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு வினா கேட்டுக்கொள்ளல் கடன். இலாபவேட்டை ஒழிந்தால் மட்டும் வீடு நிற்குமா? 1988 டிசெம்பர் 7-ஆம் நாள் சோவியத் ஆர்மேனியாவில் நேர்ந்த அதிர்ச்சியில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். லெனினாகன் நகரிலே அரசே கட்டிய ஒன்பது தட்டுச் சட்டக வீடுகள் பெருந்தொகையாய் இடிந்தன. பெரும் பலகைகளாற் பெட்டிபோல் இணைத்துக் கட்டிய வீடுகள் அதே நகரில் நின்றன. அங்கே நிலச்சொந்தக்காரன் இல்லை, வாடகைக் கொள்ளை இல்லை. ஆனால் இத்தனை வீடு இத்தனை நாளில் என்ற எண்ணிக்கை ஆட்சி செய்தது. குறை கூறும் பொறியியலாளனின் குரலுக்கு மதிப்பில்லை. கீழிருந்து கணக்குக் கேட்க மக்களுக்கு வாயில் இல்லை. பொதுவுடைமை என்ற பெயர் தூணுக்கு வலிமை தருவதில்லை என்பதை முற்போக்காளராகிய நாம் மறைப்போமாயின், பிறர் மறைத்தவற்றை எடுத்துரைக்கும் தகுதி நமக்கு இல்லை. இலாபத்துக்கு அஞ்சாத மேற்பார்வையும், அதிகாரத்துக்கு அஞ்சாத மக்கட் குரலும் ஒருங்கே வேண்டும் என்பதே இவ்விரு வகை இடிபாடுகளும் சேர்ந்து தரும் பாடம்.

இப்பாடம் நடைமுறையில் எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுகரையிலுள்ள பேர்க்லி நகரம், பெருநகரங்கள் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், 2005-இலேயே தன் எல்லைக்குட்பட்ட மென்தட்டு வீடுகளைப் பட்டியலிட்டது. பட்டியலிற் சேர்ந்த வீட்டின் உரிமையாளர் அதனைக் குடியிருப்போருக்கு அறிவிக்கவும், எச்சரிக்கை அறிவித்தலை வாயிலிலே தொங்கவிடவும் கடமைப்பட்டார். திருத்தம் கட்டாயமாக்கப்பட இன்னும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. ஆனால் ஆபத்தின் பெயர் வாயிலில் எழுதப்பட்டதும், அதுவரை பொறியியலாளரின் ஏட்டிலே அடங்கிக் கிடந்த அறிவு குடியிருப்போனின் உடைமையாயிற்று. தான் எதன் மேல் உறங்குகின்றான் என்பதை அறிந்தவன் கேள்வி கேட்கத் தொடங்குகின்றான்.

அறிவு இருந்தும் ஏன் மக்கள் மாண்டனர் என்று மாணவர் கேட்பின், ஆசிரியராகிய நாம் ஆண்டுகளை வரிசைப்படுத்திக் காட்டலாம். 1971-இல் ஒலிவ் வியூ, 1989-இல் மரீனா, 1994-இல் நோர்த்ரிட்ஜ், 1999-இல் இஸ்மித், 2001-இல் அகமதாபாத், 2013-இலும் 2015-இலும் கலிபோர்ணிய நகரங்களின் சட்டங்கள், 2018-இல் துருக்கியின் மன்னிப்பு, 2023-இல் அதன் விளைவு. இவ்வரிசையில் இடைவெளியாகத் தெரியும் ஆண்டுகள் வெறும் ஆண்டுகளல்ல. செலவு யாருடையது என்ற வழக்கு தீராமையால் மனிதர் அறியாது உறங்கிய இரவுகள் அவை. பூமி அடுத்து எப்போது அசையும் என்பதை எந்த விஞ்ஞானியும் இன்று கூறவியலாது. அசையும்போது எவ்வீடு முதலில் மடியும் என்பதையோ, தெருவில் நின்று அதன் கீழ்த்தட்டினைப் பார்த்தே பெருமளவுக்குக் கூறிவிடலாம். கூறக்கூடியதைக் கூறாமல் விடுவதும், கூறியதைக் கேட்டும் கைகட்டி நிற்பதும் இயற்கையின் செயல்களல்ல. அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் மனிதர். அப்பொறுப்பினைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் அவ்வீடுகளிலே வாழும் மக்கள்.